கோரானுக்கு நான் எழுதிய வாழ்த்துமடல்

என்னோடு வேலை செய்யும் கோரான், காலை ஆறரைக்கு வேலை தொடங்குவதற்கு முன் அங்கே நிற்கும் பதினான்கு பேருக்கும் ஒவ்வொருவராகக் கை கொடுப்பார். நேற்றும் கொடுத்தவர்தான், நாளைக்கும் கொடுப்பார். கையுறை போட்டிருந்தால் நாங்கள் அதைக் கழற்றும் வரை நின்று காத்திருப்பார். ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன பெரிய விசயம் என்று தோன்றும். நான் கூடப்பிறந்த தமையனுக்கே கை கொடுத்ததில்லை. எதிரே வருகிறவரைக் கண்டால் "எங்கால போறியள்?" என்று கேட்போம், அல்லது ஒரு சிரிப்பு. அதோடு சரி. கோரான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை அவர் வரும் நேரம் பார்த்து நான் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் கையை நீட்டியபடி வாசலிலேயே நிற்கிறார். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கூச்சம் மட்டும் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கூச்சம்தான்.

மொன்றியலில் லாசால் பக்கம் இருக்கும் ஒரு பெரிய லோன்றியில் எங்களுக்கு வேலை. மருத்துவமனைகளின் கட்டில் விரிப்புகள் லொறி லொறியாக வந்து இறங்கும். கழுவி வந்த விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்குள் நேராக விடவேண்டும். இடப்பக்கம் நான், வலப்பக்கம் கோரான். இரண்டு பேரும் பேசுவது பிரெஞ்சில். என்னுடையது அரசாங்க வகுப்பில் எட்டு மாதம் படித்தது. அவருடையது உதைபந்தாட்ட மைதானத்தில் ஆபிரிக்க வீரர்களிடம் பொறுக்கியது. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுப் பிரெஞ்சு வராது. ஆனால் ஒரு விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் நடுவில் ஒரு வசனம் சொல்லலாம். அப்படி வசனம் வசனமாக, ஒரு குளிர்காலம் முழுக்க அவர் தன் கதையைச் சொல்லி முடித்தார்.

கோரான் சேர்பியாக்காரர். பெல்கிரேடுக்கு வடக்கே டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு சிறு பட்டணம். அங்கே ஒரு சீனித் தொழிற்சாலை இருந்தது, அந்தத் தொழிற்சாலைக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. பதினேழு வயதில் அவர் அதில் முன்கள வீரர். முதல் கோலை மழைக்குள் தலையால் அடித்தார். பந்தோடு எதிராளியின் முழங்கையும் வந்ததில் ஒரு பல் போய்விட்டது. அந்த இடைவெளியை இன்றைக்கும் நாக்கால் தொட்டுக் காட்டுவார். பட்டணத்தில் ரொட்டிக் கடைக்காரர் அவரை வரிசையில் நிற்க விடமாட்டாராம். பிறகு ஒரு தை மாதம் கிரேக்கத் தீவு ஒன்றின் அணியிலிருந்து அழைப்பு வந்தது. பருவத்தின் பாதி ஆட்டங்கள் இன்னும் மிச்சம் இருந்தன. கோரான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். கோல் அடிக்க ஆள் இல்லாமல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த வருடம் தொழிற்சாலை அணியையே கலைத்துவிட்டது.

"பல வருசம் கழித்து ஊருக்குப் போனேன். எங்கள் ஜேர்சிகளைத் துவைத்துத் தந்த கிழவர் சந்தையில் நின்றார். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்" என்றார் கோரான்.

"மரியாதை கொடுத்திருக்கிறார்" என்றேன்.

"தெரியாத ஆளுக்குத்தான் அங்கே தொப்பியைக் கழற்றுவார்கள்."

அன்றைக்கு அவர் தனக்குள் ஒரு முடிவு எடுத்தாராம். ஓர் அணி தன்னை விடும் வரை தான் அதை விடுவதில்லை என்று. முழங்கால் போன பிறகு பயிற்றுநர் ஆனார். முதலில் சின்னப் பிள்ளைகள், பிறகு ஒரு பெண்கள் அணி, கடைசியில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றுக்குத் துணைப் பயிற்றுநர். அந்த அணியின் முதலாளி ஓடிப்போனார், வீரர்களும் ஓடிப்போனார்கள். "கடைசியில் நானும் காவல்காரனும் ஒரு நாயும்தான். நாய் நல்ல இடதுபின் காவல் ஆட்டக்காரன்" என்று சிரிப்பார். பிறகு மனைவிக்கு இங்கே மருத்துவமனை வேலை கிடைக்க, அவர் பின்னால் வந்தார். மகள் சேர்பியாவில்தான் பிரெஞ்சு படிக்கிறாள். அவருடைய பயிற்றுநர் சான்றிதழ்கள் இங்கே செல்லாது. ஆனால் வேலை என்ன என்று கேட்டால் "கோச்" என்றுதான் சொல்வார். லோன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் மன்னார்க் கரையோரத்துக்காரன். எங்கள் ஊரில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில்தான் மைதானம். திருநாள் வந்தால் கொடியேற்றத்துக்குக் கூடுகிற சனத்தைவிட இறுதி ஆட்டத்துக்குக் கூடுகிற சனம் அதிகம். அந்த மைதானத்தில் எனக்கு இருந்த வேலை அறிவித்தல் எழுதுவது. பந்து வந்தால் விலகி ஓடுகிற ஆள் நான். ஆனால் கையெழுத்து வடிவு. சாதாரணதரத்தோடு படிப்பை விட்ட எனக்கு ஊரில் இருந்த ஒரே மதிப்பு அதுதான். இங்கே வந்த பிறகும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் அதே வேலை. யாருக்காவது பாராட்டு என்றால் வாழ்த்துமடலை நான்தான் எழுதுவேன். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள்.

சங்கத்தின் தலைவர் றெஜி, என் மனைவியின் தமையன். எனக்கு மச்சான். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் தன் குளிர்ச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டு கார் ஓட்டியவர். ஊரில் அவர் பெயர் பெற்ற முன்கள வீரர். ஒரு திருநாள் இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கோலைப் பற்றி இன்றைக்கும் கதைப்பார்கள். இப்போது ஐம்பத்தைந்து வயது, வயிறும் வைத்துவிட்டது. ஆனாலும் நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான எங்கள் அணிக்கு அவர்தான் தலைவர், அவர்தான் நடு முன்களம். வருடா வருடம் கோடையில் ரொறன்ரோவுக்குப் போய், ஊர்ச் சங்கங்களின் சுற்றுப்போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

"உன்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரன் பெரிய பிளேயராமே? கூட்டிக்கொண்டு வாவன்" என்று கேட்டவரும் றெஜி மச்சான்தான். இதை நான் மறக்காமல் எழுதவேண்டும்.

கோரான் ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை லாசால் பூங்காவுக்கு வந்தார். வந்தவர் இருபத்திரண்டு பேருக்கும் கை கொடுத்தார். பிறகு விசிலை ஊதி ஓடவிட்டார். அவர் பிரெஞ்சில் கத்த, நான் தமிழில் சொல்லவேண்டும். குளிர்சாதனப் பெட்டியைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுகிறவன் மாதிரி ஓடுகிறாய் என்று அவர் கத்தினால், நான் அணியில் ஆடும் பற்றிக் அண்ணையிடம் போய், "கோச் கொஞ்சம் கெதியா ஓடட்டாம்" என்பேன்.

"டேய் சூசை, அந்தாள் இவ்வளவு நேரம் கத்தினது இவ்வளவுதானோ?"

"பிரெஞ்சு நீளமான பாசை அண்ணை."

"அப்ப ஏன் அந்தாள் ஏதோ தூக்கிற மாதிரிக் கையைக் காட்டினது?"

"அது… உற்சாகமா ஓடச் சொல்லி."

பற்றிக் அண்ணை பஸ் சாரதி. எல்லாம் விளங்கித்தான் கேட்பார். இப்படி ஒவ்வொரு வசனத்தின் முள்ளையும் எடுத்துவிட்டு நான் பரிமாறினேன். யாரும் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன். அதை அப்போது ஒரு நல்ல குணம் என்று நம்பினேன். கோரானும், தான் சொன்னதை இந்த மனிதர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள், இவ்வளவு பெரிய மனது உள்ள அணியைத் தான் கண்டதில்லை என்று லோன்றியில் என்னிடம் சொல்வார். அவருக்கு எங்களை அவ்வளவு பிடித்துப்போனது என் மொழிபெயர்ப்பால்தான்.

அந்த வருடம் ரொறன்ரோவில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். சங்கத்தின் சரித்திரத்தில் இல்லாத காரியம். பாதி ஆட்டம் முடிந்தபோது கோல் எதுவும் இல்லை. றெஜி மச்சானுக்கு மூச்சு வாங்கியது. கோரான் என்னைக் கூப்பிட்டார். "கப்டனிடம் சொல். முழு மனதோடு விளையாடினார். போதும். இனி அவர் இறங்கமாட்டார். பற்றிக் முன்னால் போகட்டும்."

மச்சான் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். சுற்றிவர அவருடைய பிள்ளைகள், மருமக்கள், ரொறன்ரோச் சொந்தக்காரர் எல்லோரும் கதிரை போட்டு இருந்தார்கள். நான் கிட்டப் போய் சொன்னேன்:

"மச்சான், கோச் உங்களைக் கொஞ்சம் ஆறட்டாம்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

இனி இறங்கமாட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அதனால் மச்சான் இரண்டாம் பாதி முழுக்க எல்லைக் கோட்டில் எழுந்து நின்றார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். நின்ற இடத்திலேயே துள்ளி உடம்பைச் சூடாக்கினார். கோரான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்பியாயிற்று. "அப்பா, உங்களை எப்ப விடுவினம்?" என்று பின்னாலிருந்து மகள் கேட்டது எனக்கும் கேட்டது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பற்றிக் அண்ணையின் முழங்காலில் பட்டு ஒரு பந்து கோலுக்குள் போனது. நாங்கள் வென்றோம். படம் எடுக்கும்போது கோப்பையை மச்சான்தான் பிடித்தார். மொன்றியலுக்குத் திரும்பி வந்த ஆறு மணித்தியாலமும் அவர் ஜேர்சியைக் கழற்றாமலே இருந்தார். நான் பக்கத்து இருக்கையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து நிர்வாகக் குழு மச்சான் வீட்டு பேஸ்மென்ரில் கூடியது. ஏழு பேர். இறுதி ஆட்டத்தில் மச்சானை வெளியே எடுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"மனிசன் நல்ல மனிசன்" என்று ஒருவர் தொடங்கினார்.

"அதில ஒரு குறையுமில்லை. ஆனா கிழமை முழுக்க லோன்றியில நிக்கிற ஆள். சனிக்கிழமையெண்டாலும் ஆறட்டுமன்."

"என்ர மருமோன் ரொறன்ரோவில இருந்து வந்திட்டான். கோச்சிங் படிச்சவன். தமிழும் கதைப்பான்" என்றார் மச்சான்.

"அப்ப இவரை?"

"வடிவா கௌரவிச்சு விடுவம். பொன்னாடை, வாழ்த்துமடல், சாப்பாடு. ஒரு குறையும் வைக்கக் கூடாது. சூசை, நீ எழுது."

நான் கேட்டேன்: "அவருக்கு ஆர் சொல்லுறது?"

மச்சான் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? பொன்னாடை போத்தினா ஆருக்கும் விளங்காதே?"

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு, மாற்றலாகிப் போகும் பங்குச் சுவாமிக்கு, பதவி விடும் செயலாளருக்குப் போர்த்துவோம். சில வேளை பதவியை விட மனமில்லாமல் இருப்பவருக்கும் போர்த்துவோம். பொன்னாடை தோளில் விழுந்தால் கதிரையிலிருந்து எழும்பவேண்டும் என்று தெரியும். ஒரு மனிதரைப் பார்த்து "போ" என்று சொல்லாமல் இருப்பது எங்களுக்கு ஒரு பண்பு. அந்தப் பண்பு சேர்பியாவில் இல்லை என்பது அந்த ஏழு பேரில் எனக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கிழமையே மடலை எழுதத் தொடங்கினேன். விழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மடல் எழுதி முடிந்து மேசையில் மை காய்ந்துகொண்டிருந்த நாள், உருளைக்கு அந்தப் பக்கம் நின்று கோரான் சொன்னார்: "சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் கல்லூரி என்னைக் கேட்கிறது. துணைப் பயிற்றுநர். என் சான்றிதழுக்கு அவர்களே ஒழுங்கு செய்வார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்."

விரிப்பு உள்ளே போனது. அடுத்ததை எடுத்தோம்.

"ஆனால் அவர்களுக்கும் சனிக்கிழமைதான் ஆட்டம். இரண்டும் முடியாது. நீ சொல். உங்கள் ஆட்களுக்கு அடுத்த வருடமும் நான் வேண்டுமா?"

அவர் கேட்டதில் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லை. வேண்டும் அல்லது வேண்டாம். வேண்டாம் என்று நான் சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். நான் வாய் திறக்காவிட்டால் நேரே றெஜி மச்சான் வீட்டுக்குப் போய், கை கொடுத்து, கேட்பார். அப்போது பாதி ஆட்டத்தின் கதை வரும். "இனி இறங்கமாட்டார்" என்று கோரான் சொன்னதும், "கொஞ்ச நேரம்" என்று நான் சொன்னதும் ஒரே மேசையில் வந்து விழும். தன் பிள்ளைகளுக்கு முன்னால் தன்னைச் சப்பாத்துக் கயிறு கட்டிக் கட்டி நிற்க வைத்தது கோரான் இல்லை, தன் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த நான்தான் என்று மச்சானுக்குத் தெரியவரும். இதெல்லாம் ஒரு விரிப்பு உருளைக்குள் போய் முடிகிற நேரத்துக்குள் என் மனதில் ஓடியது.

"வுய்" என்றேன், ஆம் என்று. "உங்களைக் கௌரவிக்க ஒரு விழாவும் வைக்கிறார்கள்."

கோரான் சிரித்தார். இல்லாத பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தார். வெள்ளிக்கிழமை இடைவேளையில் கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்து, தனக்கு ஓர் அணி இருக்கிறது, மன்னிக்கவேண்டும் என்று சொன்னார். நான் இரண்டு மேசை தள்ளி இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

விழா கோயில் மண்டபத்தில் நடந்தது. கோரான் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு வந்தார். மச்சான் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். இருவரும் கட்டிப்பிடித்தார்கள். மச்சானின் கண்ணிலும் உண்மையாகவே தண்ணீர். போகிறவரிடம் எங்களுக்குக் கோபம் நிற்காது. மடலை நான் மேடையில் வாசித்தேன். பிறகு கோரான் ஒலிவாங்கியைப் பிடித்துப் பிரெஞ்சில் பேசினார்:

"முப்பது வருடத்துக்கு முன் நான் ஓர் அணியை விட்டு ஓடினேன். இன்றைக்கு நீங்கள் என்னை இருக்கச் சொல்கிறீர்கள். இருப்பேன். அடுத்த வருடமும் கோப்பை எங்களுக்கு. கப்டன், வயிற்றைக் குறையுங்கள்!"

பிரெஞ்சு விளங்கிய பிள்ளைகள் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், பற்றிக் அண்ணைக்கு அன்று பஸ் வேலை. பெரியவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் நன்றியாம்" என்றேன். "எங்களை என்றைக்கும் மறக்கமாட்டாராம்."

கை தட்டினார்கள். கோரான் தன் பகிடிக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்துத் தானும் தட்டினார்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் எனக்கு நீளமான குளிர்காலம். கோரான் ஒரு கொப்பியில் படம் கீறிக்கொண்டு வருவார். வட்டங்கள், அம்புக்குறிகள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எங்கள் ஆட்களின் பெயரைத் தன் எழுத்தில் எழுதியிருந்தார். பனி கரைந்ததும் எப்போது தொடங்குகிறோம் என்று கேட்கத் தொடங்கினார். புல் இன்னும் முளைக்கவில்லை என்றேன். நகரசபை அனுமதி தரவில்லை என்றேன். அதற்குள் மச்சானின் மருமகன் வேறொரு பூங்காவில் பயிற்சியைத் தொடங்கியிருந்தான். நானும் இரண்டு சனிக்கிழமை போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே. அந்தப் பெடியன் தமிழிலேயே கத்தியதால் அங்கே எனக்கு வேலை இல்லை. பந்து பொறுக்கிப் போட்டேன்.

மூன்றாம் கிழமை கோரான் கேட்டார்: "சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வா. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் கேட்கிறாள். நீ சொல்லு, நான் எழுதுகிறேன்."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். வரவில்லை.

கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் அவருடைய வீடு. மனைவி வேலைக்குப் போயிருந்தார். வாசலில் எனக்கென்று ஒரு சோடி வீட்டுச் செருப்பு எடுத்து வைத்திருந்தார். சின்னத் தட்டில் ஒரு கரண்டி செர்ரிப் பாகும் ஒரு கிளாஸ் தண்ணீரும் தந்தார். விருந்தாளிக்கு முதலில் அதைத்தான் கொடுப்பார்களாம். பொன்னாடை கதிரையின் முதுகில் மடிப்புக் கலையாமல் போர்த்தியிருந்தது. அதற்கு மேலே சுவரில் என் கையெழுத்து. வேறு ஒரு படமும் அந்தச் சுவரில் இல்லை. அவர் சட்டத்தைக் கழற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். பேனாவை எடுத்தார்.

"வரி வரியாகச் சொல்."

முதல் வரி, கடல் கடந்து வந்த எமக்குக் களம் காட்டிய பெருந்தகையே. சொன்னேன்.

"களம் உங்களிடம் இருந்தது. நான் காட்டியது ஓஃப்சைட்" என்று சிரித்துக்கொண்டே எழுதினார்.

இரண்டாம் வரி, மெழுகுதிரிபோல் தம்மை உருக்கி எமக்கு ஒளி தந்தவரே. அதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சட்டத்தையே பார்த்தார். "இதை வாசித்தால் மகள் அழுவாள்" என்றார். அந்த வரி நான் மூன்று வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போன சுவாமிக்கு எழுதியது. பெயரை மட்டும் மாற்றி இறக்கியிருந்தேன்.

மூன்றாவது, எம் அணியின் பொறுப்பிலிருந்து தாங்கள் விடைபெற்றுச் செல்லும் இவ்வேளையில்.

என் விரல் கண்ணாடியில் அந்த இடத்தில் நின்றது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இந்த வெற்றி வேளையில் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டுக்கு வருகிறவர்களில் இதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வருடமாக அதே துணிவில்தான் இருந்தேன். ஆனால் அவர் பேனாவைத் தாளில் ஊன்றி வைத்துக்கொண்டு, எனக்குப் பிரெஞ்சுச் சொல் வரவில்லையாக்கும் என்று நினைத்துப் பொறுமையாக இருந்தார். "மெல்லச் சொல். அவசரமில்லை" என்றார். அதைத் தாங்க முடியவில்லை.

"இதில் எழுதியிருக்கிறது, நீங்கள் போகிறீர்கள் என்று."

"எங்கே?"

"அணியை விட்டு."

"நான் எங்கேயும் போகவில்லையே."

"இல்லை. அனுப்பினோம். பொன்னாடை போர்த்தினால் எங்களிடம் அதுதான் அர்த்தம்."

அவர் கதிரை முதுகைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மடலின் அடியில் இருந்த திகதியைப் பார்த்தார். எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

"இது ஞாயிறு" என்றார். "அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் பேசினேன். செவ்வாய்க்கிழமை உன்னிடம் கேட்டேன்."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அது அவருக்கு விளங்கியது.

"அப்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இதை எழுதியது யார்?"

"நான்."

"எல்லாமா?"

"மெழுகுதிரி ஒரு பாதிரியாருக்கு எழுதியது."

அவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் அது நின்றுவிட்டது. எழுந்து குசினிக்குப் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எதையும் கழுவும் சத்தம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். எழும்பவும் வெட்கமாக இருந்தது. இருக்கவும் வெட்கமாக இருந்தது. ரொறன்ரோவில் நடந்ததையும், கொஞ்ச நேரம் என்று மச்சானிடம் நான் சொன்னதையும் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டதோ தெரியாது. கேட்டிருக்கிறது. திரும்பி வந்தவர், "அப்படியென்றால் கப்டன் என்னைக் கோபித்தது நியாயம்" என்றார். பிறகு உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டார்.

"மிச்சத்தை வாசி."

"வேண்டாம்."

"மகள் கேட்டது முழுவதையும். வாசி."

வாசித்தேன். தங்கள் இடத்தை நிரப்ப எவராலும் இயலாது என்ற வரியும் இருந்தது. அதையும் அவர் ஒரு சொல் விடாமல் எழுதினார். பிறகு அடியில் பேனாவால் தட்டினார். "இது?"

"இங்ஙனம், ஊர் மக்கள். கையொப்பம்."

"யார் அது?"

"நாங்கள்."

"நீயுமா?"

றெஜி மச்சானின் பெயர் என் வாய்வரை வந்தது. நிர்வாகக் குழு என்ற சொல்லும் வந்தது. "நானும்" என்றேன்.

அவர் 'நாங்கள்' என்று பிரெஞ்சில் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"தோற்ற பிறகு எல்லா அணியும் நாங்கள் என்றுதான் சொல்லும். ஆனால் பந்தை விட்டவன் ஒருத்தன் இருப்பான். அவனைத்தான் நான் அறைக்குள் கூப்பிட்டுக் கதைப்பேன்" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. பயிற்சியின்போது பேசுகிற குரல்தான். தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவைத் தந்தார். "உன் பெயரை எழுது."

எழுதினேன். படிவங்களைத் தவிர வேறு எதிலும் என் பெயரை நான் அந்தப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியதில்லை. கோரான் தாளை வாங்கித் தன் தொலைபேசியால் மகளுக்கு அனுப்பப் படம் எடுத்தார். சட்டத்தை எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டினார். தாளை அதன் கீழ்விளிம்பில் செருகினார். நான் வாசலில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். மேலே தமிழில், ஊர் மக்கள். கீழே பிரெஞ்சில், அதே கையால், நான் மட்டும்.